பேசாம இருங்க

அப்பாவின் காது மெஷின் வேறு யார் வந்தாலும் ஒழுங்காக இருந்தது. மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் விசில் அடித்தது.

முதல் தடவை அண்ணி சிரித்துவிட்டாள். "மெஷினுக்குக்கூட நாத்தனாரைக் கண்டா ஆகல பாரு," என்றாள். அடுத்தடுத்த தடவைகளில் அவளும் சிரிக்கவில்லை. மகளுக்கோ அது துக்கத்தோடு மானப் பிரச்சினையும் சேர்ந்ததாக இருந்தது, ஏனென்றால் காது மெஷின் பொருத்துவதுதான் அவள் தொழில். கிளினிக்கில் யாருக்கும் அடங்காத விசிலோடு வருகிறவர்களை அவள் மேசைக்குத்தான் அனுப்புவார்கள்.

விசில் வருவதில் மாயம் எதுவும் இல்லை. மெஷின் காதுக்குப் பின்னால் தொங்குகிறது. அதிலிருக்கும் மைக் வெளியே இருக்கும் சத்தத்தை வாங்கிப் பெரிதாக்கி ஒரு மெல்லிய குழாய் வழியாகக் காதுக்குள் அனுப்புகிறது. குழாயின் முனையில் அந்தக் காதுக்கென்றே வார்த்த மோல்டு ஒன்று, பாட்டிலுக்குத் தக்கை மாதிரி, துவாரத்தை அடைத்துக்கொண்டிருக்கும். தக்கைக்கும் தோலுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விட்டாலும் உள்ளே போன சத்தம் வெளியே கசியும். கசிந்ததை மைக் மறுபடி வாங்கும், பெரிதாக்கும், அனுப்பும், அது மறுபடி கசியும். மேடையில் மைக்கை ஸ்பீக்கருக்கு நேரே பிடித்தால் கீச்சென்று கத்துமே, அதே சங்கதிதான். ஆகவே விசில் அடிக்கும் மெஷினைச் சரிசெய்வது என்றால் இடைவெளியைத் தேடுவது என்று அர்த்தம்.

அவள் தேடினாள். விறைத்துப்போயிருந்த குழாயை மாற்றினாள். காதைச் சுத்தம் செய்தாள். பக்கத்தில் இருக்கும் தலையோ கையோ சத்தத்தைத் திருப்பி அடித்தாலும் விசில் வரும் என்பதால் நாற்காலியைத் தள்ளிப் போட்டுப் பார்த்தாள். சத்தத்தைக் குறைத்தபோது விசில் நின்றது, கூடவே அப்பாவுக்குக் கேட்பதும் நின்றது. அவருக்கு இடது காது என்றைக்கோ போய்விட்டது. வலது காதில் மிச்சமிருப்பதை வைத்துத்தான் வண்டி ஓடுகிறது. கடைசியில் புது மோல்டுக்கே அச்சு எடுத்தாள். அதுவும் வந்தது, மாட்டினாள், அவள் வாயைத் திறந்ததும் அதுவும் கூவியது.

அந்த அச்சு எடுத்த நாளில் ஒன்று நடந்தது. அச்சுக்காகக் காதுக்குள் விட்ட பசை இறுகும்வரை நோயாளி அசையக் கூடாது என்பது பாலபாடம். எல்லாரிடமும் சொல்வதைப் பழக்கதோஷத்தில் அப்பாவிடமும் சொன்னாள். "கொஞ்ச நேரம் பேசாம இருங்க. வாயை அசைக்காதீங்க."

சமையலறை வாசலில் நின்ற அண்ணி, "அதைத்தானே இத்தனை வருஷமா பண்றாரு. நல்லாக் கைவந்த வேலை," என்றாள்.

மகள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் எங்கேயோ சிக்கிக்கொண்டது. பேசாமல் இருப்பது என்றால் வாயை மூடிக்கொண்டிருப்பதும்தான், உறவை முறித்துக்கொண்டிருப்பதும்தான். அவள் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு போன நாளிலிருந்து அப்பா அவளோடு பேசாமல் இருந்தார். அம்மா மட்டும் அவர் வேலைக்குப் போன நேரம் பார்த்துப் போன் செய்வாள். பிறகு அம்மா நோயில் படுத்தாள். அது மகளுக்குத் தெரியாது. அண்ணனும் அண்ணியும் அப்போது வெளியூரில் இருந்தார்கள், சாதாரணக் காய்ச்சல் என்றுதான் அவர்களுக்குச் சொல்லப்பட்டது. சேதி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஓடி வந்த மகளை அப்பா ஏறெடுத்தும் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனாள்.

இப்போது வந்ததும் அண்ணன் கெஞ்சியதால்தான். யார் பொருத்தினாலும் அப்பா மெஷினைக் கழற்றி வீசிவிடுகிறார், நீ இந்த வேலையில் இருந்துகொண்டு இவர் செவிடாகவே சாகணுமா என்று கேட்டான். வந்தாள். ஆனால் அவளுக்குத் தன் கணக்கு ஒன்று இருந்தது. கடைசி நாட்களில் அம்மாவோடு அந்த அறையில் இருந்தவர் அப்பா ஒருவர்தான். அம்மா தன்னைக் கேட்டாளா, கேட்டும் இவர் சொல்லாமல் விட்டாரா, அல்லது அம்மாவும் தன்னை மறந்துவிட்டாளா? இதைச் சொல்லக்கூடிய வாய் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் மீதி இருந்தது. அந்த வாய்க்குக் கேள்வி போய்ச் சேர வேண்டுமென்றால் காது வேலை செய்ய வேண்டும்.

கேட்டாள். ஒரு தடவை அல்ல, வந்த ஒவ்வொரு தடவையும். நாற்காலியைப் பக்கவாட்டில் போட்டுக்கொண்டு, காதைப் பார்த்தபடி, "கடைசில அம்மா என்னைக் கேட்டாளா?" என்பாள். கேள்வி முடிந்ததும் விசில் கிளம்பும். "ஒரு நிமிஷம், பேசாம இருங்க," என்று கை தானாக மெஷினுக்குப் போகும். அணைத்து, மோல்டை அழுத்தி, மறுபடி போடுவதற்குள் அப்பா, "ஒண்ணுமில்ல," என்பார். அல்லது தூக்கம் வருகிறது என்பார். பதில் சொல்ல மனசில்லை என்று அவள் எடுத்துக்கொண்டாள். பேருந்தில் திரும்பிப் போகும்போது, இனி வரவே கூடாது என்றும் நினைத்துக்கொள்வாள்.

அன்று மதியம் அவள் அவருக்குப் பின்னால் நின்றிருந்தாள். அலமாரியை அண்ணி இடம் மாற்றிப் போட்டிருந்ததால் அதன் கதவுக் கண்ணாடி அப்பாவுக்கு நேர் எதிரே வந்திருந்தது. குழாயைச் சரிசெய்துகொண்டே, பெரிய நம்பிக்கை இல்லாமல், அதே கேள்வியைக் கேட்டாள். தற்செயலாகக் கண்ணாடியைப் பார்த்தாள்.

அப்பாவின் வாய் திறந்தது. "ஆ" என்று சொல்லப்போகிற மாதிரி, தாடை இறங்கி, அப்படியே நின்றது. விசில் அடித்தது. அவள் கை மெஷினைத் தொட்டது. வாய் மூடிக்கொண்டது.

அவள் கையை எடுத்தாள். கொட்டாவி விடுகிற மாதிரி வாயைத் திறக்கச் சொன்னாள். திறந்தார், கூவியது. மூடச் சொன்னாள், அடங்கியது. அண்ணியைக் கூப்பிட்டு, நிஜமாகவே கொட்டாவி விடும்போது எப்படி என்று கேட்டாள்.

"அப்பவும் கூவும். எல்லா மெஷினும் அப்படித்தான் போலன்னு நான் கேக்கல," என்றாள் அண்ணி.

சுண்டுவிரலைக் காதில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்து மூடினால் யாருக்கும் இது புரியும். விரலுக்கு முன்பக்கத்துச் சுவர் நகரும். தாடை எலும்பின் மூட்டு காதுத் துவாரத்தை ஒட்டியே இருக்கிறது. வாய் திறக்கும்போது மூட்டு முன்னால் நகர்கிறது, துவாரம் அகலமாகிறது. பெரும்பாலானவர்களுக்கு அது பொருட்டே இல்லை. சிலருக்கு, அதிலும் வயதாகிப் பல் போய்க் கன்னம் ஒட்டியவர்களுக்கு, மோல்டு தளர்கிற அளவுக்கு அகலமாகும். இது அவளுக்குத் தெரியாத விஷயம் அல்ல. ஆனால் அப்படிப்பட்டவர்கள் சாப்பிடும்போது கத்துகிறது, பேசும்போது கத்துகிறது என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். அப்பா சாப்பிடும்போது மெஷினைக் கழற்றிவிடுவார், மெல்லுகிற சத்தம் மண்டைக்குள் கல் உடைப்பது போல இருக்கிறதாம். பேச்சோ, பல்லைக் கடித்துக்கொண்டுதான்.

அதற்கும் காரணம் உண்டு. சோபா தைக்கும் பட்டறையில் வேலை செய்தவர். ஒரு கை துணியை இழுத்துப் பிடித்திருக்கும், மறு கையில் சுத்தியல், ஆணிக்குக் கை ஏது? சின்ன ஆணிகளை ஒரு பிடி வாயில் போட்டுக்கொள்வார்கள். நாக்கு ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொண்டைப் பக்கத்தை உதட்டுக்குக் கொண்டுவரும். காந்தம் வைத்த சுத்தியல் அதைக் கவ்வி எடுத்துக் கட்டையில் அடித்துவிடும். நாள் முழுக்க அப்படி இருப்பவர் தாடையை அசைக்காமலே பேசப் பழகிவிடுகிறார். பட்டறையில் அவருக்கு ஆணிவாயர் என்றே பெயர். வேலையை விட்ட பிறகும் அந்தப் பேச்சு போகவில்லை. மருமகளிடம் தண்ணீர் கேட்பதற்கும் மகனைத் திட்டுவதற்கும் அது போதும். "அம்மா" என்று ஆரம்பிக்கிற ஒரு வாக்கியத்துக்கு மட்டும் போதாது. வாயைத் திறக்காமல் அதைச் சொல்ல அவருக்கு வரவில்லை.

ஆக, அவர் பதில் சொல்லத் தொடங்கிய ஒவ்வொரு தடவையும்தான் விசில் அடித்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அவள்தான் பேசாம இருங்க என்று சொல்லி வாயை மூட வைத்திருக்கிறாள்.

மறுநாள் அச்சுச் சாமான்களோடு வந்தாள். முதல் தடவையாக நாற்காலியை அவருக்கு எதிரே போட்டாள்.

"பசை உள்ள போனதும் ஒண்ணும் கேக்காது. அது இறுகற வரைக்கும் நீங்க பேசிக்கிட்டே இருக்கணும். வாயை நல்லாத் திறந்து."

"என்னத்தப் பேச?"

"எதையாவது. சோபா எப்படித் தைப்பீங்கன்னு சொல்லுங்க."

காதுக்குள் பஞ்சுத் தடுப்பை வைத்தாள். இரண்டு பசைகளையும் உள்ளங்கையில் பிசைந்து, ஊசிக்குழலில் அடைத்து, மெதுவாக உள்ளே செலுத்தினாள். மிச்சப் பசை கையிலேயே இருந்தது, அது இறுகினால் உள்ளே இருப்பதும் இறுகிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். பேசலாம் என்று தலையசைத்தாள்.

செவிடர்களின் உரத்த குரலில் அவர் தொடங்கினார். முதலில் சட்டத்துக்குக் குறுக்கே பட்டை இழுக்க வேண்டும், அதன் மேல் ஸ்பிரிங், அதன் மேல் நார், பிறகு பஞ்சு. துணியை மூலையில் ஆரம்பிக்கவே கூடாது. நடுவில் ஓர் ஆணி, எதிர்ப்பக்கம் நடுவில் ஓர் ஆணி, அங்கிருந்து இழுத்துக்கொண்டே போய் மூலைக்குக் கடைசியில்தான் வர வேண்டும். மூலையில் ஆரம்பித்தவன் வேலை சுருங்கிப் போகும். இதைச் சொல்லி முடித்த பிறகும் வாய் திறந்தே இருந்தது.

"அம்மா உன்னைக் கேட்டா," என்றார்.

சமையலறையில் தண்ணீர்க் குழாய்ச் சத்தம் நின்றது.

"மொத நாள்ல இருந்தே கேட்டா. வந்துக்கிட்டு இருக்கான்னு சொன்னேன். பஸ் ஏறிட்டான்னு சொன்னேன். உனக்கு நான் சொல்லவே இல்ல. போனை எடுப்பேன். உன்னை என்னன்னு கூப்பிட்டு ஆரம்பிக்கறதுன்னு தெரியாது. வெச்சிடுவேன். எந்திரிச்சிடுவான்னு நெனச்சேன், அப்புறம் அவளே உனக்குப் பேசிக்கட்டும்னு. அவ கதவைச் சாத்த விடல. வாசலையே பாத்துக்கிட்டு இருந்தா. கடைசில, வந்துட்டாளான்னா. வந்துட்டா, செருப்பைக் கழட்டிக்கிட்டு இருக்கான்னு சொல்லிட்டேன்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அதில் என்ன தெரிந்ததோ, கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

அவள் உள்ளங்கையில் இருந்த பசையை நகத்தால் அழுத்தினாள். தடம் விழவில்லை. இறுகிவிட்டது. அச்சை இப்போதே பிடுங்கி எறிந்துவிட்டு, அந்தக் காதுக்குள் வாயை வைத்துக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை.

"உன்னை எப்படிப்பா மன்னிக்கிறது?" என்றாள். சாதாரணக் குரலில்தான் கேட்டாள். சின்ன வயதுக்குப் பிறகு அவரை நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. பசை அடைத்த காதுக்கு அது எட்டவில்லை.

"காஞ்சிடுச்சா?" என்று கேட்டார் அப்பா.

அவள் இல்லை என்று தலையாட்டினாள். பேசு, இன்னும் பேசு என்று கையைக் காட்டினாள். அவர் பேசினார். அவள் ஓடி வந்த அன்று செருப்புச் சத்தம் கேட்டதையும், நிஜமாகவே அவள்தான் என்று தெரிந்ததையும், திரும்பிப் பார்க்க முடியாமல் போனதையும் சொன்னார். சொல்லி முடித்து அழுதார். அழும்போதும் வாயைத் திறந்துதான் வைத்திருந்தார், அவள் சொன்னபடி.

வெளியே எடுத்த அச்சைப் பழைய மோல்டோடு வைத்துப் பார்த்தாள். காதுத் துவாரத்தின் இரண்டாவது வளைவு வரும் இடத்தில் புதிது ஒரு நகத்தின் கனம் கூடுதலாக இருந்தது. கசிவுக்கு அது போதும்.

புது மோல்டு வந்ததும் கொண்டுபோய் மாட்டி, எதிரே உட்கார்ந்தாள்.

"அப்பா."

"ஆங்?" வாய் நன்றாகத் திறந்தது. விசில் இல்லை.

"அன்னிக்கு நீ சொன்னதெல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

அவர் தலையசைத்தார். "கோவம்தான் வந்திருக்கும்."

"வந்துச்சு. இன்னும் இருக்கு."

"இருக்கட்டும்மா," என்றார். "அடுத்த வாரம் வருவியா?" என்று கேட்டார்.

வருவதாகச் சொன்னாள். அம்மா வேறு என்னவெல்லாம் சொன்னாள் என்று கேட்டாள். அவர் நினைவுபடுத்திச் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றும் புதிதாக வலித்தது. மெஷின் ஒரு தடவைகூடக் கூவவில்லை.

கிளினிக்கில் கூட வேலை பார்ப்பவள் கடைசியில் கோளாறு எங்கே இருந்தது என்று விசாரித்தாள். அவள் சொன்னாள்: தாடை அசைவால் விசில் வருகிறவருக்கு வாயை மூடவைத்து அச்சு எடுக்கக் கூடாது, பசை இறுகும்வரை அவரைப் பேசவிட வேண்டும்.