பெண்களைத் தக்கவைக்கும் குழு

எங்கள் மென்பொருள் நிறுவனத்தின் மன்னார்க் கிளையில் பெண்களைத் தக்கவைக்கவென்று ஒரு குழு அமைத்தார்கள். கூட்டம் மாலை ஆறரைக்கு. அதற்குள் கொண்டச்சிக்கான கடைசி பஸ் போய்விடும். இது எங்கள் மானேஜர் றெனால்டுக்குத் தெரியாதாம்.

கொண்டச்சியிலிருந்து வருபவள் முஸ்பிரா. கைக்குழந்தைக்காரி. எங்கள் அணியில் அவளைப்போல நிரல் எழுதுபவர் வேறில்லை. லண்டன் வாடிக்கையாளருடனான மாலைக் கூட்டத்துக்கு வீட்டிலிருந்தே இணையவழி வருகிறேன் என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள்.

"ஒரு மேசையில சேர்ந்திருந்தாத்தான் தங்கச்சி ஒற்றுமை வரும்" என்றார் றெனால்ட். பாதி நாள் கொழும்பில் இருந்துகொண்டு இதைச் சொல்லவும் ஒரு முகம் வேண்டும்.

பெண்கள் ஏன் விலகிப் போகிறார்கள் என்று தலைமையகம் கேட்டதால்தான் இந்தக் குழுவே பிறந்தது. றெனால்ட், விதுசன், நிப்ராஸ் என்று மூன்று ஆண்கள். பக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருப்பதால் பெண்களில் நான் மட்டும். எனக்குத் தேநீர் ஊற்றுகிற பொறுப்பு. மகளிர் தினத்துக்கு ஊதாச் சேலை, ஓய்வறைக்கு ரோஸ் நிறத் திரைச்சீலை என்று முடிவெடுத்தார்கள். பிறகு, வராத முஸ்பிராவையே தலைவியாக்கினார்கள். இந்த மூளையை எங்கே வாங்கினார்களோ!

"சேர், நாலு மணிக்கு வைச்சா அவ வருவா" என்றேன்.

"நாலு மணிக்கு எல்லாருக்கும் வேலை இருக்கும், யதுர்சிகா."

அப்போ இது வேலை இல்லை. நல்லது.

ஆண்டு மதிப்பீட்டில் முஸ்பிராவுக்கு வரவேண்டிய அணித் தலைவர் பதவி நிப்ராஸுக்குப் போனது. கூட்டங்களுக்கு ஒழுங்காக வருவதில்லையாம். அவளைத் தலைவியாக்கிய குழுவின் கூட்டங்களையும் அதில் சேர்த்திருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் மறுநாளே வேலையை விட்டாள்.

பிரியாவிடைக்குக் கேக் வெட்டினார்கள். றெனால்ட் வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"தலைமையகத்துக்கு அறிவிக்கோணும் தங்கச்சி. குடும்பக் காரணம் எண்டு போடட்டோ? வழமையா அப்பிடித்தான் போடுறனாங்கள்."

"என்ட குடும்பம் என்ன பிழை செஞ்சது சேர்?" என்றாள் முஸ்பிரா. "மாமி பிள்ளையைப் பாக்கிறா. அவர் சோறு காச்சுறார். என்னை வேலை செய்ய விடாத ஆள் நீங்க ஒராள்தான். உங்கட பேரைப் போடுங்கோ."

விதுசன் கேக்கை மெல்லுவதை நிறுத்திவிட்டான். எனக்கோ மனம் குளிர்ந்துபோனது.

றெனால்ட் சிரித்து மழுப்பினார். அவள் படியிறங்கிப் போனதும் கதிரையில் போய் அமர்ந்து, குடும்பக் காரணம் என்றே அனுப்பினார்.