பேரா, கையா

1

ஓர் அண்ணன் தன் தங்கையின் கையைப் பிடித்துக்கொள்ள விலை இரண்டாயிரத்து நானூறு. நான்கு அச்சுத் தகடு, வேலைக்கூலி, எல்லாம் சேர்த்து. விலையை நான் வைக்கவில்லை. ஓர் அச்சகத்தில் காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்து, என் புத்தகத்தின் மெய்ப்புக்காகக் காத்திருந்தபோது காதில் விழுந்தது. காதில் விழுந்தது என்பது நாகரிகத்துக்குச் சொல்வது. காதைக் கொண்டுபோய் வைத்தேன்.

துணி மொத்த வியாபாரம் செய்யும் வீட்டில் வளர்ந்தவன் நான். பக்கத்துக் கடையில் பேரம் நடந்தால் எங்கள் வீட்டில் சோற்றைக்கூடச் சத்தமில்லாமல் மெல்வார்கள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

வானம் இருண்டுகொண்டு வந்தது. அவர் மனமும்—

(வேண்டாம். பகல் மூன்று மணி. வானம் வெளுத்துத்தான் கிடந்தது.)

அடுத்து:

பிஞ்சு உள்ளங்களின் கனவுகளுக்கு வண்ணம் தீட்டிய அந்தத் தூரிகை—

(பாராட்டு விழா அழைப்பிதழ். அடித்துவிட்டேன்.)

உள்ளதைச் சொல்கிறேன். அன்று அச்சகத்துக்கு வந்திருந்த அந்தப் பெண் சிறுவர் படப் புத்தகங்களுக்கு வரைகிற ஓவியர். பள்ளிக்கூடச் சுவரில் மாட்டும் உடலுறுப்பு அட்டைக்கு மூக்கும் காதும் வரைந்து தொழிலுக்கு வந்து, இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவருடைய யானையைத் தெரியாத பிள்ளை இல்லை. அவரைத் தெரிந்த பிள்ளையும் இல்லை. உள்பக்கத்தில், அச்சக முகவரிக்குக் கீழே, எறும்புக்கே கண்ணாடி தேவைப்படும் எழுத்தில் அவர் பெயர் வரும்.*

இந்தப் புத்தகத்துக்குத்தான் முதல்முறையாக அட்டையில் பெயர் என்று பேச்சு. அதை நம்பி அவருடைய அம்மா வெளியீட்டுக்குத் தெருவையே அழைத்துவிட்டார்.

* அட்டையில் கொட்டை எழுத்தில் வருவது பதிப்பாளரின் பெயர். கதை அவருடையதாம். அறுபது சொல் இருக்கும். அதில் பாதி "போனாங்க".

3

பதிப்பாளரை வில்லனாக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. ஓவியர் வந்ததும் நாற்காலி போடச் சொன்னார், டீ வரவழைத்தார், அம்மாவுக்கு முட்டிவலி எப்படி என்று விசாரித்தார். வியாபாரி, அவ்வளவுதான். எனக்குச் சொந்தக்காரர் மாதிரியே தெரிந்தார்.

"சார், அட்டையில என் பேரு எங்க?"

"அடடா, விட்டுப்போச்சா? போட்டுடலாம்மா. இப்பவே போட்டுடலாம்."

கேட்டதற்கு உடனே தலையாட்டுகிறவன் முதுகுக்குப் பின்னால் வேறு சரக்கு வைத்திருப்பான்.

வைத்திருந்தார். அச்சுக்குப் போகவிருந்த ஒரு தாளை எடுத்து, நடுவில் மடித்து, நகத்தால் தேய்த்து, ஓவியர் முன்னால் விரித்தார்.

"இதையும் ஒரு பார்வை பாத்துடுங்க."

இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே படம். அண்ணனும் தங்கையும் சாலையைக் கடக்கிறார்கள். அந்தப் படத்தில் எழுத்தே கிடையாது. கோத்திருந்த கைகள் சரியாக நடுமடிப்பில். ஒட்டித் தைத்ததும் அந்த விரற்கடையைப் புத்தகம் விழுங்கிவிடும். அண்ணன் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருப்பான். தங்கை இந்தப் பக்கம், லாரிக்கு முன்னால், தனியாக.

(முகம், கை, எழுத்து மூன்றையும் மடிப்பில் வைக்காதே என்பது இந்தத் தொழிலில் அரிச்சுவடி. அவரா வைத்தார்? அட்டையில் தன் பெயரை எந்த வண்ணத்தில் எழுதலாம், எவ்வளவு பெரிதாக எழுதலாம் என்று போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த வாரத்தில் இதை வரைந்தார் என்று வைத்துக்கொள்கிறேன். என் ஊகம்தான். இதைவிட நல்ல காரணம் உங்களிடம் இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள்.)

"எப்ப பாத்தீங்க இத?"

"காலையிலயே பாத்துட்டேன்."

"சொல்லவேயில்லையே!"

"நீங்க கேக்கலையேம்மா."

4

"ரெண்டுக்கும் பிளேட் எடுத்தாச்சு. மாத்தணும்னா புது பிளேட், நாலு தகடு, ஒரு செட்டுதான் கைவசம் இருக்கு. நாலு மணிக்கு மெஷின் ஏறியாகணும். அட்டைக்குப் போட்டா உங்க பேரு வரும். உள்ள போட்டா அந்தக் கை வரும். பேரா, கையா? நீங்களே சொல்லுங்க."

"ரெண்டும் வேணும் சார். செலவ நான் தர்றேன்."

"காசக் கொட்டுனா பிளேட்டு முளைக்குமா? நாளைக்கு மெஷின் வேற ஆளுக்கு. அப்புறம் வெளியீடும் இல்ல, பள்ளிக்கூட ஆர்டரும் இல்ல."

"அப்ப அந்தக் கை..."

"ஆறு வயசுப் பிள்ளை மடிப்பையா பாக்கும்?"

"மடிப்பத்தான் சார் பாக்கும். விரல விட்டுப் பிரிச்சுப் பாக்கும்."

கைபேசி அடித்தது. அவருடைய அம்மா. எனக்கே கேட்கும் குரல்.

"என்னடி, பேரு வந்துச்சா?"

"பாத்துட்டிருக்கேம்மா."

"நல்லா பெருசாப் போடச் சொல்லு. கீழ்வீட்டுக்காரி கண்ணாடிய மறந்துட்டு வந்தாலும் தெரியணும்."

வைத்துவிட்டார். பதிப்பாளர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பது பார்ப்பதைவிடக் கொடுமை. இதையும் எங்கள் கடையில்தான் கற்றேன்.

5

ஓவியர் பதில் சொன்னார். ஒரே சொல். அந்த நேரம் பார்த்து யாரோ மடிப்பு இயந்திரத்தைப் போட்டுவிட்டார்கள். தடதடவென்று அச்சகமே அதிர்ந்தது.

"பேரு" என்று சொல்ல உதடு ஒட்ட வேண்டும். "கை"க்கு ஒட்ட வேண்டியதில்லை. உதட்டைப் பார்த்திருந்தால் போதும். ஆனால் மடித்த தாளை அவர் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தார். பதிப்பாளர் தலையாட்டினார். அவர் எதற்கும் அப்படித்தான் ஆட்டுவார்.

ஆகவே இரண்டும் எழுதிப் பார்த்தேன்.

உதடு ஒட்டியது என்றால்: வெளியீட்டில் கீழ்வீட்டுக்காரி கண்ணாடி இல்லாமலே பெயரை எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைக்கிறார். ஒரு குட்டிப்பெண் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, "அண்ணன் ஏன் கைய விட்டு—"

(முடிக்க மனம் வரவில்லை.)

ஒட்டவில்லை என்றால்: பிள்ளைகள் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். சரியாக இருப்பதை யார் கவனிக்கிறார்கள்? அம்மா அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு மெல்லக் கேட்கிறார்: "அப்ப இது நீ வரைஞ்சது இல்லையாடி?"

6

கடையில் போய்ப் பார்க்க வேண்டியதுதானே என்பீர்கள். போனேன். பதிப்பாளரின் பெயரைச் சொன்னதுமே எடுத்துவிட்டார்கள். நான் வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டு, தாளில் சுற்றித் தரச் சொன்னேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். மேசைமேல் இருக்கிறது. இன்னும் பிரிக்கவில்லை. நீங்கள் வந்து பிரித்துக்கொள்ளலாம். அட்டையைப் பார்த்தாலே தெரிந்துவிடும்; ஆனாலும் நடுப்பக்கத்தில் விரல் விட்டுப் பார்ப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

கணக்கை முடித்துவிடுகிறேன்.

வரவு: ஒட்டுக்கேட்ட வகையில் எனக்கு ஒரு கதை.

செலவு: அவருக்கு ஒரு பெயர், அல்லது ஒரு கை.

பாக்கி: ஒரு முடிவு, உங்கள் பொறுப்பில்.

இன்னொரு பாக்கியும் நிற்கிறது. இந்தக் கதையின் தலையில் என் பெயர் அச்சாகும். அவர் பெயரை நான் யாரிடமும் கேட்கவேயில்லை.