கீழே ஒன்று, மேலே ஒன்று

காலை எட்டு மணிக்கு மாடிப்படியில் நகம் உரசும் சத்தம் இன்னும் கேட்கிறது. தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தால் நின்றுவிடும். மறுபடி மிதித்தால் மறுபடி கேட்கும். எனக்குப் பைத்தியம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

இறங்கி வருவது துரை. ஒரு வேலையும் செய்யாமல் மூன்று வேளையும் சாப்பிட்டதால் எங்கள் நாய்க்கு அந்தப் பெயர். பகலில் கீழே என்னோடு, இரவில் மாடியில் என் தம்பியோடு. எனக்கும் தம்பிக்கும் இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள்: படியில் செருப்பு விடுகிற சண்டை. அவன் விட்டுக்கொடுக்கவில்லை. நான் மட்டும் இளைத்தவளா?

துரைக்கு வயதாகிப் பின்னங்கால் இழுக்க ஆரம்பித்தது. டாக்டரிடம் கூட்டிப்போனேன். வீக்கமும் வலியும் குறைய மாத்திரை கொடுத்தார். நாளைக்கு ஒன்று, சாப்பிட்ட பிறகு, அதற்கு மேல் கூடவே கூடாது என்றார். வேறு எந்த வலி மாத்திரையையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள் என்று இரண்டு முறை சொன்னார். வாந்தி எடுத்தாலோ சாப்பாட்டை ஒதுக்கினாலோ உடனே நிறுத்திவிட்டு வரச் சொன்னார். நானும் அப்படியே கொடுத்தேன்.

பத்தாம் நாள் துரை தட்டைத் தொடவில்லை. வெளிக்குப் போனது தார் மாதிரி கறுப்பாக இருந்தது. அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினேன். வயிற்றில் புண்ணாகி ரத்தம் கசிகிறது, மாத்திரையை இன்றே நிறுத்துங்கள் என்று சொல்லி டாக்டர் ஊசி போட்டார். பிறகு யோசனையோடு கேட்டார்.

"ஒரு மாத்திரைக்கு இவ்வளவு ஆகாதேம்மா. வீட்ல வேற யாராவது எதாவது குடுக்கறாங்களா?"

"என் வீட்ல நான் மட்டுந்தான் டாக்டர்," என்றேன். வீறாப்பில் வாய் அப்படித்தான் சொன்னது.

அன்று மாலையும் துரை தட்டுத் தடுமாறி மாடிக்குப் போனான். மறுநாளும் போனான். கட்டிப்போட்டால், ஏனென்று தம்பிக்கு நானே மாடியேறிப் போய்ச் சொல்ல வேண்டிவரும்.

மூன்றாம் நாள் துரையால் எழவே முடியவில்லை. தம்பிதான் அவனைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். ஒரே வண்டியில், ஒரு வார்த்தை பேசாமல் போனோம்.

மாத்திரையை நிறுத்தினீர்களா என்று டாக்டர் கேட்டார். அன்றைக்கே நிறுத்திவிட்டேன் என்றேன்.

"எந்த மாத்திரைய?" என்றான் தம்பி.

சட்டைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து மேஜையில் வைத்தான். வேறொரு டாக்டரிடம் அவனாகக் கேட்டு வாங்கியது. பெயர் வேறு, ஆனால் அதே வகை மருந்து. ராத்திரிக்கு ஒன்று. முந்தின ராத்திரியும் ரொட்டித் துண்டில் வைத்துக் கொடுத்திருக்கிறான். டாக்டர் எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

சாயங்காலம், குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கும்போதே துரை போய்விட்டான்.

வீட்டுக்கு வந்ததும் தம்பி முதல் படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"நிறுத்தச் சொன்னாங்கன்னு எங்கிட்ட ஏன்க்கா சொல்லல?"

"நீ குடுக்கறது எனக்கு எப்படிடா தெரியும்?" என்றேன்.

பச்சைப் பொய். டாக்டர் கேட்டபோதே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. அன்று ராத்திரி அவன் கதவு வரைக்கும் ஏறிப்போனேன். சாப்பிடுடா ராஜா என்று அவன் துரையைக் கொஞ்சுவது உள்ளே கேட்டது. தட்டுவதற்குக் கையைத் தூக்கினேன். முதலில் அவன் பேசட்டும் என்று இறங்கி வந்துவிட்டேன்.