ஐரேன் பார்க்கத் தகுந்த படம்

…இதைப் போய்க் குடும்பப் படம் என்று எந்த மடையன் சொன்னான், தொடை தெரிய ஒரு உடுப்பு, அதுவும் தோலோடு தோலாக ஒட்டிக்கொண்டு, அதைப் போட்டுக்கொண்டு கட்டின பெண்டாட்டி ஒருத்தி பலகையில் சாய்ந்து நிற்கிறாள், சர்க்கஸ் கூடாரம் பூராவும் வாயைப் பிளந்து பார்க்கிறது, சேசுவே, இதையா நம் புதுச்சேரிக் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து வரிசையாக உட்கார்ந்து பார்ப்பது… பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் முசே எட்மோன் என்றார் பங்குச் சாமியார், தனியாக வேண்டாம், மதாமையும் கூட்டிக்கொண்டு போங்கள், இரண்டு பேரும் சரி என்றால்தான் நம் கோயில் சங்கத்தில் படம், ஒருத்தர் வேண்டாம் என்றாலும் கிடையாது. அது என்ன சட்டம்? சைகோன் சுங்கத்தில் நான் இருந்தவரை என் கையெழுத்து இல்லாமல் ஒரு மூட்டை கப்பலைவிட்டு இறங்காது, இங்கே படம் பார்க்க எனக்கு என் பெண்டாட்டி ஜோசெட்டின் கண் துணை வேண்டுமாம். இத்தனை வருஷத்தில் என் பேச்சுக்கு ஒரு மறுபேச்சு பேசினவளா அவள்? பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள், பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி. கொட்டகையா இது, வெந்நீர் அண்டா, மேலே காற்றாடி பேருக்குச் சுற்றுகிறது.

வேறு படமாக இருந்தால் பாதியிலேயே எழுந்து போயிருப்பேன். ஆனால் ஐரேன் இருக்கிறாளே, என் மகள்… இந்த ஊரில் பெண் பார்ப்பது வேறு எங்கே நடக்கிறது? சங்கத்துக் குடும்பக் காட்சியில்தான், மாப்பிள்ளை வீட்டார் ஒரு வரிசை, பெண் வீட்டார் முன் வரிசை, இடைவேளையில் ஆளுக்கொரு கிளாஸ் லிமொனாத், அதிலேயே விஷயம் முடிந்துவிடும். வருகிற ஞாயிறு மொரீஸ் வருகிறான், ஹனோய் கோர்ட்டில் வேலை, லீவு முடியப்போகிறது. படம் இல்லை என்றால் பெண் பார்ப்பதும் இல்லை. அவன் அம்மா மாதலேன் இருக்கிறாளே, சும்மா மெல்லுகிற வாய், அவல் வேறு கொடுக்க வேண்டுமா, இந்தத் தொடையை ஐரேனோடு உட்கார்ந்து பார்த்துவிட்டால், இதைத்தான் உன் அப்பா நல்ல படம் என்றாரா என்று கேட்டு வைப்பாள். படம் போட்டாலும் வம்பு, போடாவிட்டாலும் வம்பு. நாசமாய்ப் போக.

சரி, படத்தில் யோக்கியன் என்று ஒருவனாவது உண்டா… இருக்கிறான், அந்தக் கத்தி வீசுகிறவன், அவள் புருஷன். குடி கிடையாது, கூத்து கிடையாது, கைநீட்டி அடிக்கிற பழக்கமும் இல்லை. கை பிசகாமல் வீசுகிறான், காதோரம் ஒன்று, கழுத்தோரம் ஒன்று, அவள் மேல் ஒரு கீறல் உண்டா? நேரே பார், அசையாதே என்கிறான், வேறென்ன சொல்ல வேண்டும், குடும்பம் என்றால் அப்படித்தான். நானும் வீட்டில் அதைத்தான் சொல்கிறேன், சூப் ஏன் ஆறிப்போனது, சட்டைக் காலர் ஏன் இப்படி, யாரைக் கேட்டுக் கடைக்குப் போனாய்… கேட்பதுதான், ஒரு நாளும் கை ஓங்கினதில்லை. படத்தில் இந்தச் சிறுக்கிக்கு என்ன குறை? மேலே கயிற்றில் ஆடுகிற வெறும்பயலைப் பார்த்து இளிக்கிறாள். கொழுப்பு. இந்த ஜோசெட் வேறு, ஒவ்வொரு கத்திக்கும் முன்னாலேயே கண்ணை மூடிக்கொள்கிறாள், சினிமாக் கத்திக்கு இவளுக்கு என்ன நடுக்கம்?

ஐயையோ, முத்தம்… சீச்சீ, எவ்வளவு நேரம்… ஆனால் முத்தத்தை வெட்டிவிடலாமே! படம் ஓட்டுகிறவனிடம் ஒரு வார்த்தை சொன்னால் கத்தரித்துவிடுவான். உடுப்பு? சர்க்கஸ்காரி பின்னே புடவையா கட்டுவாள்? மாதலேன் சொன்னால் சொல்லட்டும், மொரீஸ் வருகிறான், அதுதான் முக்கியம். விளக்கு எரிந்ததும் எழுந்தேன்.

“முத்தத்த வெட்டிட்டாப் போதும், ஜோசெட். சாமியார்கிட்ட சரின்னுடலாம்.”

அவள் எழுந்திருக்கவில்லை. “முத்தம் இருந்துட்டுப் போவட்டுங்க. அந்தக் கத்திக்காரன் வேணாம்.”

“அவன் என்னடி தப்பு பண்ணான்? அவ மேல ஒரு கீறல் பட்டிச்சா?”

“படலிங்க. படாமயே நா நிக்கிறதப் பாத்துதானே நம்ம ஐரேன் வளந்தா. திரையிலயும் பாத்தான்னா கல்யாணமே வேணாம்னுடுவா.” பிறகு, திரையைப் பார்த்தபடியே, “படம் வேணாங்க. சாமியார்கிட்ட நானே சொல்லிக்கிறேன்” என்றாள்.

என்ன பேச்சு இது, யாரைப் பார்த்துப் பேசுகிறாள், ஞாயிற்றுக்கிழமை போயிற்று, மொரீஸ் போனான், மகள் வாழ்க்கையோடு விளையாடுகிறாள் பாவி… சத்தம் போட்டிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். நான் அப்படி என்ன செய்துவிட்டேன் என்று கேட்கத்தான் திறந்தேன். ஜோசெட் முகத்தைத் திருப்பி என்னை நேரே பார்த்தாள், கேட்டால் இன்றைக்குச் சொல்லிவிடுவாள் என்று பட்டது… ரிக்‌ஷா கிடைக்கிறதா பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.