சேமிக்காத பக்கம்

மருந்துக் கிடங்கு வேலைக்குப் போன அண்ணன் மூன்று நாளாக வீடு திரும்பவில்லை. கைபேசி அணைந்தே கிடந்தது. காவல் நிலையத்தில் புகாரை வாங்கி வைத்துக்கொண்டு, "வந்துருவாரும்மா" என்று அனுப்பிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மனசு கேட்காமல் அண்ணிதான் அவன் அறைக்குள் போய்க் கணினியின் மவுஸை அசைத்தாள். திரை விழித்துக்கொண்டது. அண்ணன் தட்டச்சு செய்து பாதியில் விட்ட பக்கம் அப்படியே நின்றது.

"ஏய் மூணுதரம், ஓடி வாடி!"

மூணுதரம் என்பது தங்கைக்கு அண்ணன் வைத்த பட்டப்பெயர். பூட்டிய பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பவள் அவள். மாலை வகுப்பில் கணினிப் பழுதுபார்ப்பு படிக்கிறாள். ஓடி வந்து திரையின் கடைசி வரியைப் படித்தாள். 'எனக்கு ஏதாவது ஆனால், கிடங்கில் காலாவதி மருந்துக்குப் புதுத் தேதிச் சீட்டு ஒட்ட வைத்தவர் இவர்தான்:'

பெயர் அதற்குக் கீழே இருக்க வேண்டும். பக்கத்தை நகர்த்தினாள். வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு திரை இருண்டது. விசிறி நின்றது. பெட்டியின் முகப்பில் ஒரு சின்ன விளக்கு மட்டும் விட்டுவிட்டு எரிந்தது.

"செத்துப்போச்சா?"

"மெமரி பத்தல அண்ணி. அண்ணன் புதுசு வாங்கி வச்சு ரெண்டு வாரம் ஆச்சு. நான்தான் தப்பாப் போட்டுருவேனோன்னு தள்ளிப்போட்டேன்."

அப்போது அண்ணியின் கைபேசி அடித்தது. கிடங்கு மேலாளர். மூன்று நாளாக வேளைக்கு ஒரு தடவை விசாரிக்கிற நல்ல மனுஷன்.

"அவர் எதையோ எழுதி வச்சிருக்கார் சார். யாரு என்னன்னு பார்க்கறதுக்குள்ள மெமரி பத்தாம கம்ப்யூட்டர் நின்னுபோச்சு" என்று அண்ணி கொட்டிவிட்டாள்.

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"உங்க நாத்தனார்தான் கிளாஸ் போகுதேம்மா. மெமரியைப் போடச் சொல்லுங்க. முதல்ல பிளக்கைப் பிடுங்கிடணும், ஷாக் அடிக்கும். நான் இப்பவே கிளம்பி வரேன்."

தங்கை தன் வகுப்பு நோட்டை விரித்தாள். அதிலும் முதல் வரி அதுதான்: மின்கம்பியைக் கழற்றவும். மூன்று தடவை படித்தாள். கழற்றினாள். விட்டுவிட்டு எரிந்த விளக்கு அணைந்தது. மீதி மின்சாரம் வடியட்டும் என்று பவர் பொத்தானை ஐந்து எண்ணும்வரை அழுத்திப் பிடித்தாள்.

பெட்டியைத் திறந்து உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் இறங்க இரும்புச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டாள். பழைய மெமரியின் சீட்டைப் பார்த்தாள்: டிடிஆர் நான்கு, அதாவது நான்காம் தலைமுறை. புதியதும் அதுவே. மூன்றாம் தலைமுறை என்றால் அடியில் இருக்கும் வெட்டு வேறு இடத்தில் வரும், எத்தனை அழுத்தினாலும் உட்காராது. வெட்டையும் ஸ்லாட்டில் இருந்த மேட்டையும் ஒத்துப் பார்த்தாள். இரண்டு கட்டைவிரலாலும் இரு முனையிலும் சமமாக அழுத்தினாள். டக். கொக்கி தானாக மூடிக்கொண்டது.

"பரவாயில்லையே, கை நடுங்கவே இல்ல" என்றாள் அண்ணி. பெயரை எழுதிக்கொள்ளத் தாளும் பேனாவுமாகப் பக்கத்திலேயே நின்றாள்.

கம்பியைச் செருகிப் பொத்தானை அழுத்தியதும் கணினி பறந்தது. எட்டும் எட்டும் பதினாறு ஜிபி என்று நினைவகத்தைச் சரியாகக் காட்டியது. எழுதும் நிரலைத் திறந்தாள்.

வெள்ளைப் பக்கம்.

சமீபத்திய கோப்புகளில் தேடினாள். மேசைத்திரையில் தேடினாள். குப்பைத் தொட்டியிலும் தேடினாள். எங்கும் இல்லை. அப்புறம்தான் நோட்டின் முந்தைய பக்கம் நினைவுக்கு வந்து புரட்டினாள். அவள் கையெழுத்திலேயே இருந்தது அது. 'டிஸ்க் மறக்காது. மெமரி மின்சாரம் போனதும் மறந்துவிடும். விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் கணினி தூங்குகிறது, அணையவில்லை.'

அண்ணன் அந்தப் பக்கத்தைச் சேமிக்கவே இல்லை. அது மெமரியில் மட்டும் உயிரோடு இருந்தது. பிளக்கைப் பிடுங்கியது அவள் கை.

பிடுங்கச் சொன்னது?

வகுப்பில் யாரும் அதைத்தான் சொல்வார்கள். நோட்டிலும் அப்படித்தான். எல்லாவற்றையும் சந்தேகப்படுகிற புத்தி இது, என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"எங்கடி பக்கம்?" என்றாள் அண்ணி.

அழைப்புமணி அடித்தது. அண்ணி போய்க் கதவைத் திறந்தாள். மேலாளர் நெற்றி வியர்வையைத் துடைத்தபடி உள்ளே வந்தார். அண்ணியிடம் அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் கண் நேராக அறைக்குள் திறந்து கிடந்த பெட்டிக்குப் போனது.

"போட்டாச்சா? முதல்ல பிளக்கைப் பிடுங்கினீங்கல்ல?" என்று சிரித்தார்.

ஒன்றும் தெரியவில்லை என்று சொன்னால் அவர் போய்விடுவார். அண்ணனை எங்கே தேடுவது என்பதும் அவரோடு போய்விடும். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் எதையும் சரிபார்க்காமல் பேசினாள்.

"பிடுங்கல சார். பேரைப் பார்த்துட்டோம்."

அவர் சிரிப்பு அப்படியே இருந்தது. கை மட்டும் முதுகுக்குப் பின்னால் போய், வாசல் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டது.