வராதவர்களைப் பார்த்துக்கொண்டிருந்த நிரல்

ஸ்ரனிஸ்லஸின் லப்ரொப் கணினி 2005ஆம் ஆண்டு மாரியிலிருந்து மின்சாரமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. முல்லைத்தீவுக் கரையில் அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. மண்ணெண்ணெய் விற்ற விலைக்கு, எண்ணெய் கேட்காத எதையும் சனம் நல்லதென்றே சொன்னது. ஜெனரேற்றர் வைத்திருந்த பத்மாசனி மட்டும், தன் பிழைப்பில் மண் விழுந்ததாகக் கொஞ்சக் காலம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாள்.

ஸ்ரனிஸ்லஸ் அந்தக் கரையிலிருந்து கணினி படித்துப் பட்டம் பெற்ற முதல் பிள்ளை. என்ன வேலை செய்யப்போகிறாய் என்று தாய் யூலிற்றா கேட்டபோது, கடை வாசலில் நின்று பரிமாறுகிறவனில்லை, குசினிக்குள் நின்று சமைக்கிறவன் மாதிரி, ஆளைத் தெரியாது, சாப்பாடு மட்டும் வரும் என்று விளங்கப்படுத்தினான். அதற்கா இவ்வளவு காலம் படித்தாய் என்றாள் அவள். வேலை கேட்டுப் போகிறவன் ஏதாவது செய்து காட்ட வேண்டுமே. அவன் கரைக்கென்று ஒரு கணினி நிரல் எழுதினான். கடல் தொழிலுக்குப் போகிறவரின் பெயரைப் பதிந்தால், திரும்பியதும் ‘வந்துவிட்டார்’ என்று மாறும். அதுவரை ‘இன்னும் வரவில்லை’ என்று காட்டும். மூன்றாவதாக ஒரு நிலை அவன் வைக்கவில்லை. அந்தக் கரையில் பிறந்த எவனும் வைத்திருக்க மாட்டான். கடலுக்குப் போனவரின் உடல் கரையொதுங்கும்வரை அங்கே செத்தவர் என்று ஒருவரும் வாய்விடுவதில்லை, ஆன்ம இளைப்பாற்றிக்குப் பூசை ஒப்புக்கொடுப்பதில்லை, இராச்சாப்பாட்டில் அவருக்கும் சோற்றுக்கோப்பை வைப்பார்கள்.

நிரலில் முதன்முதலாக வராமல் போனவர் அவனுடைய தகப்பன் அந்தோனிமுத்து. அன்றைக்கு ஜெனரேற்றர் நின்றது, பற்றரியும் இறங்கியது, திரை அணையவில்லை. அந்தோனிமுத்து இன்னும் வரவில்லை என்று அது காட்டிக்கொண்டேயிருந்தது. யூலிற்றா அவருடைய கோப்பையை அதற்குப் பக்கத்தில் வைக்கத் தொடங்கினாள்.

அடுத்த வருசம் கொழும்பில் ஒரு கொம்பனி நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. வயரில்லாமல் ஓடுவதைப் பார்த்து, நல்ல பற்றரி என்றார்கள். பெரியவர் ஒருவர் நிரலைத் துருவிப் பார்த்துவிட்டு, வராதவரை இது எவ்வளவு காலம் பார்த்துக்கொண்டிருக்கும் என்று கேட்டார். வரும்வரைக்கும் என்றான் ஸ்ரனிஸ்லஸ். அவர் சிரிக்கவில்லை. முடிவில்லாமல் காத்திருக்கிற நிரல் ஒருநாள் இயந்திரத்தையே படுக்க வைத்துவிடும், மற்றப்படி எல்லாம் திறம், ‘இறந்தவர்’ என்று ஒரு நிலையைச் சேர்த்து, உள்ள பதிவிலேயே ஓட்டிக் காட்டு, வேலை உனக்குத்தான் என்று அனுப்பினார். ஒரு வரிதான். ஆனால் பதிவில் வராமலிருந்தவர் அந்தோனிமுத்து மட்டுமே.

சண்டைக்கு இயக்கம் வீட்டுக்கொரு பிள்ளை கேட்கப்போகிறதாம் என்ற கதை அப்போது கரையெல்லாம் அடிபட்டது. மகன் வன்னியை விட்டுப் போனால் தப்பினான் என்று யூலிற்றாவுக்குத் தெரியும். அவள் புருசனின் கோப்பையைக் குசினிக்குள் கவிழ்த்துவிட்டு வந்து நின்றாள்.

“அப்பா செத்திட்டாரெண்டு எழுது தம்பி. எழுதிப்போட்டு நீ போ.”

“நாளைக்கு எழுதுறன் அம்மா.”

பிறகும் அதையே சொல்லிக்கொண்டிருந்தான். ஆவணியில் சண்டை மூண்டு, வன்னியை விட்டு வெளியே போகிற பாதை பூட்டுப்பட்டது. விசரன் என்று கரை அவனைத் திட்டியது. திட்டியவர்களில் ஒருவருக்கும் அந்த வரியை எழுத விரல் வந்திராது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிறகு சண்டை நெருங்க, கரையே இடம்பெயர்ந்து எழும்பியது. லப்ரொப் உழவு இயந்திரத்தில் தர்மபுரம் போனது, விசுவமடு போனது. போன இடமெல்லாம் சனம் வந்து பெயர் பதிந்தது: அரிசிக்குப் போன புருசன், பிடித்துக்கொண்டு போன மகள். அவன் செய்ததை ஆட்கள் தேடிவந்தது அப்போதுதான். 2009 தையில் தண்ணீர் எடுக்கப் போன ஸ்ரனிஸ்லஸ் திரும்பவில்லை. யூலிற்றா ஒற்றை விரலால் எழுத்துத் தேடித்தேடி அவன் பெயரை அடித்தாள். மகன் இன்னும் வரவில்லை என்று காட்டியது.

களப்புத் தண்ணீரைக் கடந்து இராணுவப் பக்கம் போனபோது அதைச் சேலையில் சுற்றித் தலையில் வைத்திருந்தாள். சோதித்தவர்கள் வயர் எங்கே என்றார்கள். இல்லையென்றாள். விட்டுவிட்டார்கள். வவுனியா முகாமில் அவளுடைய கூடாரத்துக்கு விளக்குத் தேவைப்படவில்லை.

முகாமில் உதவி வேலை செய்த நேசமலருக்குக் கணினி தெரியும். இறந்தவர் என்று ஒரு வரி சேர்த்துவிடலாம், மகனுக்குப் பூசை ஒப்புக்கொடுக்கலாம், அம்மாவுக்கும் மனம் ஆறும் என்று அவள் தன்மையாகத்தான் சொன்னாள். அப்பா செத்திட்டாரெண்டு எழுது என்று அன்றைக்குத் தன் வாயால் மகனுக்குச் சொன்னது யூலிற்றாவின் நெஞ்சை அறுத்தது.

“அந்தச் சொல்லை அவன் அதுக்குள்ள வைக்கேல்லைப் பிள்ளை,” என்றாள்.

நேசமலர் லப்ரொப்பின் மூடியைச் சாத்தாமல் எழுந்து போனாள். மத்தியானம் யூலிற்றா மூன்று கோப்பைகளோடு சாப்பாட்டு வரிசையில் நின்றாள். பரிமாறியவர்கள் மூன்றிலும் சோறு போட்டார்கள்.