1986 முதல் ஆளில்லை

முன்வாசல் கதவின் இடது பலகையைத் தோளால் தூக்கி இழுத்தாள் சுஜா. மழைக்காலத்தில் பலாமரக் கதவு ஊறிவிடும். தூக்காமல் இழுத்தால் அசையாது. அப்பா பிச்சைக்கனி சொல்லிக்கொடுத்தது. காலையில் இந்த வீட்டு ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தபோதே அவர் சரிந்து உயிர் விட்டார். இப்போது, அவர்கள் மூவரும் குடியிருந்த, அடுக்களையை ஒட்டிய சாமான் அறையில், தன் பாயிலேயே கிடந்தார். அமரர் ஊர்தி போர்ட்டிகோவில் நின்றது.

"சுஜே, பின்வழி போதாதா?" என்றான் வினீத், வீட்டுக்கார ஜட்ஜின் பேரன். "தரை நேத்துதான் பாலிஷ் போட்டது. நாளைக்கு ஹெரிடேஜ் ஆளுக வருமல்லோ."

"முப்பத்தெட்டு வருசம் அப்பா தேச்ச தரை. அவரு காலு அதுல படாது. தூக்கிட்டுத்தான் போறோம்."

வினீத் போனைப் பார்த்தான்.

"விடு மக்ளே," என்றாள் அம்மா பூமாரி. "நமக்கு என்னைக்கும் புறவாசல்தான."

"இன்னைக்கு இல்ல."

வெட்டுக்கல் சுவர், மர மச்சு, ஜன்னலுக்கு மேல் பச்சைக் கண்ணாடி. பத்து மணிக்கு அந்தப் பச்சை ஹால் தரையில் விழும். சின்ன வயதில் லீவு நாளில் அவள் புத்தகத்தோடு அதற்குள் உட்காருவாள். வெளிச்சம் நகர நகர அப்பா பாயோடு அவளை இழுத்து வைப்பார். பார்க்க வருகிறவர்களிடம், "இது இன்ஜினியர் தொரை தொப்பி மாட்டுன ஆணி, இது ஜட்ஜையா பொடி போட்ட ஜன்னல்" என்று காட்டுவார். தான் படுக்கிற இடத்தைக் காட்டியதில்லை.

போர்ட்டிகோவில் ஆங்கிலத்தில் புதுப் பலகை. குடியிருந்தவர்கள்: 1931, இன்ஜினியர். 1954, நீதிபதி. கடைசி வரி: 1986 முதல் ஆளில்லை. வினீத் சொல்லச் சொல்ல டைப் அடித்தது அவள்தான். பி.ஏ. வரலாறு. அப்பா அந்தப் பலகையைத் தினமும் துடைத்தார்.

"நம்ம பேரும் உண்டா மக்ளே?"

"உண்டுப்பா."

நாலு பேர் தூக்கினார்கள். வானம் மூடியிருந்தது, தரையில் பச்சை இல்லை. ஹாலைக் கடந்து, முன்வாசல் வழியே, அந்தப் புதுப் பலகைக்குக் கீழாக அப்பா போனார்.

அவளும் அம்மாவும் வண்டியில் ஏறும்போது சாரல் பிடித்தது. வினீத் கதவைச் சாத்தப் பார்த்தான். வரவில்லை. இன்னொரு முறை இழுத்தான். பிறகு பழக்கத்தில் உள்ளே திரும்பிக் கூப்பிட்டான்.

"பிச்சைக்கனி அண்ணா, இதொன்னு..."

நிறுத்திக்கொண்டான்.

அம்மா சுஜாவைப் பார்த்தாள். சுஜா இறங்கவில்லை.

வண்டி கேட்டில் திரும்பியபோது இடது கதவு திறந்தே நின்றது. மழை உள்ளே போய்க்கொண்டிருந்தது.